இரட்டைக் கணினி

நகராட்சியின் வாடகை வீடுகளுக்காக ஒன்பதாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வரிசைப் பட்டியலை, வீட்டுவசதி இயக்குநர் பெங்க்ட் ஒரே சொடுக்கில் அழித்துவிட்டார். இறந்தவர்களின் பெயர்களை நீக்கப்போய், இருப்பவர்களையும் சேர்த்தே நீக்கிவிட்டார்.

"பதறாதே உல்ரிகா. ஒரு கணினி போனா இன்னொண்ணு தாங்கும்னு இரட்டையா ஓட வெச்சிருக்கோமே, அதுலேருந்து எடு."

கணினிப் பொறுப்பாளர் உல்ரிகா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "கணினி போகலையே பெங்க்ட். நல்லாத்தான் ஓடுது. முதல் கணினி செய்யறதை இரட்டையும் அப்படியே செய்யும். நீங்க அழிச்சதை அதுவும் அதே நொடியில அழிச்சிடுச்சு."

"பழைய நகல்?"

"இரட்டை இருக்கும்போது நகல் எதுக்குன்னு போன வாரம் அழிக்கச் சொன்னீங்க. வேண்டாம்னு மூணு தடவை சொன்னேன்."

பெங்க்ட் காபியை ஒரு மிடறு குடித்தார், முகம் தெளிந்தது. "சரி, எல்லாரும் புதுசாப் பதியட்டும். எல்லாருக்கும் ஒரே தொடக்கம். சமத்துவம்தானே?"

பத்து ஆண்டு காத்துக் கிடந்தவரும் இன்று காலை விண்ணப்பித்தவரும் இனிச் சமம். அதிகாரம் தன் பிழைக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்தான் எத்தனை அழகு!

உல்ரிகாவின் கண்கள் கலங்கின.

"அழாதே. உன் மேல பழி வராது."

"பதினோரு வருஷம் காத்திருந்தேன் பெங்க்ட். நேத்துதான் பட்டியல்ல முதல் பேரா வந்தேன்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு ஆதாரம் ஏதாவது வெச்சிருக்கியா?"