நேர் விமானம் வேண்டாம்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்து விமான டிக்கெட் கடையில் வேலை பார்க்கும் ஜில்டிஸுக்கு, எதிரே நின்ற புருலின் பிடிவாதம் புரியவே இல்லை.

"அக்கா, இஸ்தான்புல்லுக்கு நேரா விமானம் இருக்கு. ஆறு மணி நேரத்துல போயிடலாம். நீங்க கேக்கறது அல்மாட்டி வழி. ஒரு ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கணும். விலையும் குறைச்சல் இல்ல."

"பரவாயில்லம்மா, அதையே போடு."

நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த சிறுமி சைகல் கேட்டாள். "அம்மா, அல்மாட்டியில ஐஸ்கிரீம் கிடைக்குமா?"

"கிடைக்கும்டா தங்கம்."

ஊர் சுற்ற ஆசை போலிருக்கிறது என்று நினைத்தபடி ஜில்டிஸ் பெயர்களைத் தட்டினாள். "திரும்பி வரவும் ரெண்டு பேருக்குத்தானே?"

புருல் சிறுமியைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு மட்டும் போதும். அவளைப் பெத்தது என் தங்கச்சி. கைக்குழந்தையா என்கிட்ட விட்டுட்டு இஸ்தான்புல்லுக்கு வேலைக்குப் போனா. இப்ப வீடு வாசல்னு நிலைச்சுட்டா, பொண்ணைக் கேக்கறா. நியாயம்தானே? இவகிட்ட இன்னும் சொல்லல. போற வழியிலதான் சொல்லணும். ஆறு மணி நேரத்துல எனக்குச் சொல்ல வராதும்மா."

ஜில்டிஸ் கணினித் திரையின் பக்கம் திரும்பினாள். தட்டியதை எல்லாம் அழித்தாள்.

"அல்மாட்டியோட அஸ்தானாவையும் சேர்த்துப் போடறேன் அக்கா," என்றாள். "ரெண்டு ராத்திரி கிடைக்கும்."