நூறு விழுக்காடு மூலிகை

கன்னையா போனை எடுக்கவில்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியின் படிக்கட்டு மூலையில் நின்றபடி மலர் மறுபடியும் அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. பண்டமாரானில், வீட்டில் அவள் புருஷன் கன்னையா தனியாக இருக்கிறார். எடுங்க, எடுங்களேன் என்று வாய்விட்டே கெஞ்சினாள்.

உள்ளே வார்டில் மார்க்கிரட் ஆன்டி கிடக்கிறார். அடுத்த வரிசை வீட்டுக்காரர். காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தவரைத் தன் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவளே மலர்தான். ஆன்டியின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் அக்கா என்று அழுதாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் வெளியே வந்தார். இரைப்பையின் உள்தோல் வெந்துபோனதுபோல் சிவந்து கிடக்கிறதாம். அங்கங்கே புண். புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது. வலி மாத்திரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, அம்மா என்ன மாத்திரை போடுகிறார் என்று மகளைக் கேட்டார்.

மாத்திரையே கிடையாது என்றாள் மகள். மூட்டு வலிக்கு மூலிகை கேப்சூல் மட்டும்தான். கைப்பையிலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி வெளியில் விற்கும் சிலவற்றில் வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் அரைத்துக் கலந்துவிடுகிறார்கள், லேபலில் இருக்காது என்றார். அதனால்தான் சில நாளிலேயே வலி போன இடம் தெரிவதில்லை. உள்ளே வயிறு புண்ணாகிக்கொண்டிருப்பதும் தெரிவதில்லை. வயிற்றில் கசிந்த ரத்தம் செரித்து, மலம் தார்போல் கறுப்பாகப் போயிருக்குமே, யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதை யார் கொடுத்தது என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். மகள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மலர் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள்.

பண்டமாரானில் பாதி வீட்டுக்கு அந்தப் போத்தலை விற்றது அவள்தான். ஏமாற்றி விற்கவில்லை. முட்டியை மடக்க முடியாமல் லோரி ஓட்டுவதையே விட்ட கன்னையாவுக்குத்தான் முதலில் கொடுத்தாள். அவர் எழுந்து நடந்தார். பாசாருக்குத் தானே போய் மீன் வாங்கி வந்தார். அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அத்தனை பேருக்கும் இப்போது சொல்லியாக வேண்டும். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அப்புறம். முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளையும் இல்லாதவளுக்கு அந்த மனிதரை விட்டால் யாரும் கிடையாது. இனி ஒன்றுகூட வாயில் போடாதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாருங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

மறுபடியும் அழுத்தினாள். இந்த முறை எடுத்தார். மூச்சு வாங்கினாலும் குரலில் சந்தோஷம்.

“பாத்ரூம்ல இருந்தேன் மலரு. நேத்திலேருந்து கறுப்பாத்தான் போவுது. உடம்புல உள்ள அழுக்கெல்லாம் அப்படித்தான் கழியும்னு நீ எல்லாருக்கும் சொல்லுவியே, நெசந்தான்லா. சீக்கிரம் கழியட்டும்னு இன்னிக்கு ரெண்டு சேத்தே போட்டுட்டேன்.”