ஐந்தாவது கணு

"நீ... நீங்க என் அம்மா இல்லையே? அப்புறம் எ... எதுக்கு என் கையைப் பிடிக்கிறீங்க?"

கேட்டபோது அவனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் இரண்டாவது மனைவியாக வந்து ஒரு மாதம்கூட ஆகாத சித்தி, பிடித்த கையை விடவில்லை.

"நாளைக்கு மேடையில திக்கப் போறது நீயா, நானா? விரலை நீட்டுடா. நாலு விரல், விரலுக்கு ரெண்டு கணு. வார்த்தையை எட்டாப் பிச்சுக் கணுவுக்கு ஒண்ணா வை."

பள்ளி உச்சரிப்புப் போட்டியில் அவனுக்கு வந்த வார்த்தை 'இலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்'. மூளையின் மின்துடிப்பைக் கோடாக வரையும் பரிசோதனை.

"இ... லெக்... ட்ரோ... என்... செ..."

"அங்கதான்! அஞ்சாவது கணுவுல நல்லா அழுத்து. மிச்சம் தானா உருண்டு வந்துரும்."

"எல்லாரும் சி... சிரிப்பாங்க."

"யார் கேக்கிறாங்கன்னு பார்க்காதே. கடவுளுக்குக் கேட்டாப் போதும்."

மேடையில், கணுக்களைத் தடவியபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கைதட்டல் எழுந்தது.

"பலே! யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றார் தலைமையாசிரியர்.

"எங்க அம்மா."

கடைசி வரிசையில் சித்தியின் முகம் மலர்ந்தது.

"செ... செத்துப் போன அம்மா."

வீட்டுக்கு வந்ததும் பரிசுக் கோப்பையைத் துடைத்து அந்த அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தது சித்திதான். தன் தலை நரைக்கத் தொடங்கியும் அவன் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டான்.

இப்போது மருத்துவமனை அறையில் அவள் கண்மூடிக் கிடந்தாள்.

"காலையில என்னமோ டெஸ்ட் எடுத்தாங்களே, அது பேர் என்னங்க?" என்றாள் அவன் மனைவி.

சொன்னான். திக்கவே இல்லை.

"அடேயப்பா! 'தண்ணி கொடு'ன்னு கேக்கிறதுக்கே திக்குவீங்க. இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"நீ... நீ போய் அப்பாவைப் பாரு. வெளியில த... தனியா உட்கார்ந்திருக்கார்."

அவள் போனதும் கதவைச் சாத்தினான். சித்தியின் விரலை மெல்ல நீட்டினான். இந்த வார்த்தைக்கு இரண்டே கணு போதும்.

"அம்... மா."

கோடு நேராகவே ஓடியதென்று, அவள் தலையில் ஒட்டியிருந்த வயர்களைக் காலையிலேயே கழற்றியிருந்தார்கள். யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், அவன் மறுபடியும் முதல் கணுவிலிருந்து தொடங்கினான்.