அமாரல் மாஸ்டரின் கடைசி இசை

நியூவார்க்கில் போர்த்துக்கீசியர்களின் மாதா கோவில். மாலை வெளிச்சம் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கி, கறுப்புப் பியானோவின் மூடியில் சிவப்பாகக் கிடக்கிறது. பக்கத்தில், மெழுகுவர்த்திக்குப் பின்னால் அமாரல் மாஸ்டரின் படம். லிஸ்பனின் பெரிய அரங்குகளில் வாசித்தவர். இங்கே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, 1986ஆம் வருடக் குளிரில் கண்ணை மூடினார். என் மகள் ரெஜினா அவரிடம் படித்தவள் என்பதால் மரியாதைக்கு வந்திருக்கிறோம். எனக்கும் ஜெயலீலாவுக்கும் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஜெயலீலாவின் மகனுக்குத்தான் இவளைப் பேசியிருக்கிறோம். மாஸ்டர் போனபிறகு அவர் பேரன் மட்டும் இருக்கும் அந்த வீட்டுக்கு இவள் போனதே இல்லை என்று ஜெயலீலாவிடம் நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் வாக்கு தவறியதில்லை.

அந்தப் பேரன்தான் இப்போது வாசிக்கிறான். தாத்தாவின் கடைசி இசை இது, அவர் போனபிறகுதான் கையில் கிடைத்தது, இதுவரை தன் வீட்டுக்கு வெளியே யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுத் தொடங்கினான். கனத்த சுரங்கள் பெஞ்சுப் பலகை வழியே என் முதுகில் ஏறுகின்றன. சட்டென்று நிற்கின்றன. அவன் கைகளை மடியில் வைக்கிறான். கோவிலே கைதட்டுகிறது. நானும் தட்டுகிறேன். ரெஜினா என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.

"வெயிட் பண்ணுங்கப்பா. இன்னும் முடியல."

அவன் கைகள் மறுபடி எழுகின்றன. கைதட்டல் வரிசை வரிசையாக அடங்குகிறது. ஜெயலீலா மெதுவாகத் திரும்புகிறாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

ரெஜினாவின் விரல்கள் என் மணிக்கட்டில் குளிர்ந்துபோகின்றன. ஜெயலீலாவின் பார்வை அவளைத் தாண்டி என்மேல் வந்து நிற்கிறது. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு மாஸ்டரின் படத்தையே பார்க்கிறேன்.