ஒத்தைச் செடி

வயலின் நடுவே அதிகாரி சட்டென்று மண்டியிட்டதும் விவசாயி பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினார்.

"இங்க ஏதோ பச்சையாத் தெரியுதே?" என்றார் அதிகாரி, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே.

விவசாயி மனைவியைப் பார்த்தார். மனைவி அந்தப் பச்சையைப் பார்த்தாள். வெங்காயத் தாள்தான், சந்தேகமே இல்லை.

வெங்காயம் மலை மலையாக விளைந்து விலை தரைமட்டத்துக்கு வந்தபோது அரசாங்கம் ஒரு மானியத்தை அறிவித்தது. வெங்காயம் போடாமல் நிலத்தைச் சும்மா விட்டால் பணம். இரண்டு வருடமாக வந்த அந்தப் பணத்தை நம்பித்தான் மகளை நர்ஸிங் படிப்பில் சேர்த்திருந்தார்கள்.

இந்த வருடக் கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. 'வெங்காய மானியம் தொடர்பாக நிலத்தைப் பார்வையிட அதிகாரி வருவார்.'

பழைய வெங்காயங்கள் மண்ணுக்குள் எங்கே பதுங்கியிருந்தனவோ, மழைக்கு வயல் பூராவும் முளைத்துத் தொலைத்திருந்தன. ஒரு வாரம் இருவரும் இடுப்பு ஒடிய உட்கார்ந்து பிடுங்கினார்கள். நாலு கூடை வந்தது. கடைசியாக மனைவி துடைப்பத்தை எடுத்து வந்து வயலைப் பெருக்கியே விட்டாள்.

அப்படியும் இது ஒன்று தப்பிவிட்டது.

வந்து இறங்கியதுமே அதிகாரி சொல்லியிருந்தார்: "நல்லாத் தேடிடுவேங்க. ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், எழுதிடுவேன்."

"அது புல்லு சார்," என்றார் விவசாயி அவசரமாக.

"புல்லா? குழல் குழலா இருக்கே! எதுக்கும் மண்ணைக் கிளறிப் பாத்துடுவோம்."

அவர் கையை நீட்டுவதற்குள் மனைவி குனிந்தாள். செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக்கூட உதறாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயய்யோ! என்னம்மா பண்றீங்க?"

"புல்லுதாங்க சார். நாங்க... அப்பப்ப சாப்பிடுவோம்."

"கண்ணுல தண்ணி கொட்டுதேம்மா!"

"நல்ல புல்லு சார்."

அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். இதுதான் சமயம் என்று விவசாயி ஒரு போடு போட்டார். "எங்க வீட்டுல வெங்காயத்தைக் கண்ணால பாத்தே ரெண்டு வருஷமாச்சு சார். சமையல்ல கூடச் சேக்கறதில்ல."

"அடடா, அவ்வளவு கஷ்டமா?" அதிகாரி உச்சுக் கொட்டினார்.

அவர் வயலின் மறுகோடி வரை இன்னொரு நடை போய் வந்தார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் குச்சியால் குத்திக்கூடப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, ஃபைலைத் திறந்து 'வெங்காயம் அறவே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விவசாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மனைவி வாயில் இருந்ததைக் மடக்கென்று விழுங்கினாள். மகளின் படிப்புக்கு இன்னும் ஒரு வருடம் கவலையில்லை.

"ரொம்ப நன்றிங்க சார். பணம் எப்ப வரும்?"

ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த அதிகாரி திகைத்துப் போய்த் திரும்பினார்.

"நாட்டுல வெங்காயத்துக்கே பஞ்சம் வந்துடுச்சேங்க... இந்த வருஷம் போட்டவங்களுக்குத்தான் மானியம்!"