குகைக்குள் இருந்தது

அண்ணன் அருளப்பனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும், சின்ன வயதில் அவனோடு பார்த்த சாகசப் படத்தை டிவியில் போடச் சொன்னாள் ரெஜினா. அன்று தியேட்டரில், குகை வந்ததுமே பயந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே ஓடிய நெருப்பு ஆற்றையும் ஏழு தலைப் பறவையையும் அண்ணன்தான் அவள் காதுக்குள் சொன்னான். இன்று இமைக்காமல் பார்த்தாள். ஒரு ரப்பர் பாம்பு வந்தது. அதை இழுக்கிற கயிறுகூடத் தெரிந்தது. அதற்குள் கதாநாயகன் வெளியே வந்துவிட்டான்.

"இதுக்காம்மா அப்படி பயந்தீங்க?" என்று மகள் சிரித்தாள்.

"குகைய திரும்பப் போடு."

மறுபடியும் குகை வந்தது. ரெஜினா கண்களை இறுக மூடிக்கொண்டு, பக்கத்துக் காலி நாற்காலியின் பக்கமாகக் காதைச் சாய்த்தாள்.