சிவப்புக் கோட்டு

"நாயைக் கசக்கிப் பிழியறீங்கம்மா," என்றார் கால்நடை டாக்டர் ஜெயஸ்ரீ. "சாப்பிடல, தூங்கல. எப்பப் பாரு கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கிட்டே இருக்கு. வேலை ஓயலைன்னு அர்த்தம்."

சாருலதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. திருவான்மியூர் பயிற்சி மையத்தில் அவளைப்போல் இதமாக நாய் பழக்குகிறவர் கிடையாது.

"காலம்பர கொஞ்ச நேரம்தான் டாக்டர். சிவப்புக் கோட்டு போட்டா வேலை, கழட்டினா விளையாட்டு. அதுக்கே தெரியும், பாருங்கோ."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாயின் கோட்டைக் கழற்றிவிட்டுப் பந்தை உருட்டினாள். லட்டு என்கிற அந்த லாப்ரடார் பந்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்னங்காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தது.

"கோட்டு இல்லாதப்பவும் இப்படியா?"

"ஒரு மாசமா இப்படித்தான், நாள் முழுக்க."

"அப்படி என்ன வேலைதான் கத்துத் தர்றீங்க?"

"மனசு உடைஞ்சவா பக்கத்துல இருந்தா மோந்து தெரிஞ்சுண்டு மடியில கால் வெக்கணும். அவா தேறற வரைக்கும் எடுக்கப்படாது."

டாக்டர் இப்போது நாயைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"ஆத்துல நான் மட்டும்தான். போன மாசம் எங்காத்துக்காரருக்குப் பதிமூணாம் நாள் முடிஞ்ச மறுநாளே டியூட்டிக்கு வந்துட்டேன்." பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோல் சொன்னாள் சாருலதா. "ஒரு சொட்டு அழலை. நான் நன்னாத்தான் இருக்கேன்."

லட்டு காலை எடுக்கவில்லை. இன்னொரு காலையும் தூக்கி வைத்தது.